பாலத்துக்கு இந்தப் பக்கம் நித்திரை மலிவு

இந்த ஊரில் ஆட்கள் ஒரு நாட்டில் உழைத்து இன்னொரு நாட்டில் படுக்கிறார்கள். காலமை என் வீட்டு யன்னலைத் திறந்தால் ரைன் ஆறு தெரியும், ஆற்றுக்கு மேலே பாலம் தெரியும், பாலத்தில் சாப்பாட்டுப் பையோடு நடந்து போகிற சனம் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சுவிஸ். இந்தப் பக்கம் ஜேர்மனி. அங்கே சம்பளம் கூட, இங்கே கட்டில் மலிவு. பின்னேரமானதும் அதே சனம் அதே பாலத்தால் படுக்கைக்குத் திரும்பி வரும். வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் புங்குடுதீவில் தோட்டத்துக்குப் போனவன் பொழுதுபட வீட்டுக்கு வருவான். கொழும்புக்குக் கடை வைக்கப் போனவன் வருசத்துக்கு ஒருக்கால் வருவான். நாள்தோறும் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டில் போய் நித்திரை கொள்ளுகிறவனை நான் கண்டதில்லை. இப்போது சிரிப்பு வருவதில்லை.

இதனால் இந்தச் சின்ன ஊரில் மலிவாகத் தங்கும் இடங்கள் அதிகம். சுவிஸில் எங்கள் சனத்துக்குக் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று ஏதாவது வந்தால் லண்டனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருகிறவர்கள் முதலில் எனக்குத்தான் போன் எடுப்பார்கள். "அக்கா, உங்கட பக்கம் மலிவாய் ஒரு அறை கிடைக்குமோ? சுவிஸிலை அறாவிலை சொல்லுறாங்கள்." எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஜேர்மன் மொழி கடைக்குப் போய்வருகிற அளவுக்குத்தான். ஆனாலும் இந்த ஊரில் எந்தக் கட்டில் எப்படிப்பட்டது என்று என்னைக் கேட்டால் தெரியும். ரெயில் நிலையத்துக்குப் பின்னால் இளம் பிள்ளைகள் படுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கீழும் மேலுமாக இரும்புக் கட்டில். விரிப்புக்குத் தனியாகக் காசு. கொடுக்காதவன் வெறும் மெத்தையில் கிடக்க வேண்டியதுதான். துருக்கிக்காரரின் மரக்கறிக் கடைக்கு மேலே கட்டட வேலைக்காரருக்கு விடுகிற அறைகள் இருக்கின்றன. சமைக்கலாம், ஆனால் அடுப்பு ஒன்று, சட்டியோடு நிற்கிறவர்கள் பலபேர். ஆற்றோரம் கூடாரம் அடிக்கிற இடமும் இருக்கிறது, எங்கள் வயதுக்கு அது ஏலாது. எல்லாவற்றிலும் திறம், பழைய பாலத்தடியில் இருக்கிற பென்சியோன் என்கிற சின்ன விடுதி. படி செங்குத்து. குளிக்கிற அறை மாடிக்கு ஒன்று. காலமைச் சாப்பாட்டுக்கு அவித்த முட்டை தருவார்கள், அது ஆறாமல் இருக்கக் கம்பளியில் பின்னின சின்னத் தொப்பியும் போட்டு வைப்பார்கள். முட்டைக்குக் குளிருமென்று கவலைப்படுகிற அந்த வீட்டில் மனிதருக்குத் தருகிற போர்வை மெல்லிசு.

முந்தி இப்படி ஒருவரும் கேட்டதில்லை. நானும் இவரும் இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்த காலத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கலியாணம் என்றால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. குசினிக்குள் இரண்டு பேர், மேசைக்குக் கீழே பிள்ளைகள், ஒருமுறை குளிக்கிற தொட்டிக்குள்ளும் ஒருவர் தலையணை போட்டுப் படுத்தார். ஒருவரையும் நாங்கள் வா என்று கூப்பிட்டதில்லை. ஒருவரும் வரட்டுமா என்று கேட்டதும் இல்லை. வந்தார்கள், படுத்தார்கள், போனார்கள். பிறகு எல்லோருக்கும் வசதி வந்தது. வசதி வந்த பிறகு எல்லோரும் ஒருவருக்கொருவர் கரைச்சல் கொடுக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

கூப்பிடுவது, கூப்பிடாமல் வருவது, இந்த இரண்டையும் பற்றி எங்கள் தீவாருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். எங்கள் வீடு குறிகாட்டுவான் துறைக்குப் போகிற வீதியில். வீதி அந்தத் துறையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வள்ளம்தான். காற்றுக் கிளம்பி வள்ளம் ஓடாவிட்டால் நயினாதீவுக் கோயிலுக்குப் போக வந்த சனமெல்லாம் வீதியில் நிற்கும். அப்பா படலையைத் திறந்துவைத்துக்கொண்டு, "வாருங்கோ, காத்து அடங்கட்டும், இருந்திட்டுப் போகலாம்" என்று கூப்பிடுவார். வருகிறவன் யார், எந்த ஊர் என்று பாய் விரித்த பிறகுதான் கேட்பார். வீதி முடிகிற ஊரில் அது தண்ணீர் கொடுக்கிறது போல ஒரு கடமை. ஆனால் அந்தக் கூப்பிடுதல் பிறத்தியாருக்குத்தான். சொந்தத்தை ஒருநாளும் கூப்பிடுவதில்லை. ஒருமுறை அம்மாவின் தம்பி, எங்கள் அம்மான், பையோடு வந்து குந்தினார். அம்மா வேறு ஏதோ யோசனையில், "இண்டைக்கு நிண்டிட்டுப் போவன் தம்பி" என்று சொல்லிவிட்டா. அம்மான் எழும்பினார். "நான் என்ன, நயினாதீவுக்குப் போற ஆளோ?" என்று கேட்டார். பையை எடுத்துக்கொண்டு போனவர் கனகாலம் எங்கள் படலைக்குள் வரவில்லை. சொந்தக்காரனைப் பார்த்து நில் என்று சொன்னால், நீ போகவும் கூடிய ஆள் என்றுதான் பொருள். அம்மா அதற்காக அழுதது எனக்கு நல்ல நினைவு. அன்றிலிருந்து அம்மானின் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் இருந்தது.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு ஒரே தம்பி. அவனுக்கு ஒரே மகன், கஜன். கஜன் படிக்கிற வயதிலேயே சுவிஸுக்கு வந்தவன். சனிக்கிழமைகளில் பாலத்தால் நடந்து வந்து என் கையால் கணவாய்க் கறியும் சோறும் தின்றுவிட்டு, எங்கள் சோபாவில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளுவான். பெற்றதில்லை என்கிற குறை எனக்கு அந்தச் சனிக்கிழமைகளில் இருந்ததில்லை. சென்ற கோடையில் அவனுக்குக் கலியாணம் முற்றானது. பெண் சுவிஸில் பிறந்த பிள்ளை, நல்ல பிள்ளை. தம்பிக்கு விசா கிடைத்தது, அவன் மனுசிக்கு, என் மச்சாளுக்கு, கிடைக்கவில்லை. ஆகவே மாப்பிள்ளைப் பக்கத்தில் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரே குடும்ப வீடு என்னுடையது. எங்கள் முறைப்படி கலியாணநாள் காலமை மாப்பிள்ளையை இருத்திப் பாலறுகு வைத்து, தோயவார்த்து, நிறைகுடம் வைத்த வாசலால் வெளிக்கிட வைக்க வேண்டும். அப்பா அப்படித்தான் வெளிக்கிட்டார், தம்பியும் அப்படித்தான் வெளிக்கிட்டான். கஜன் எந்த வாசலால் வெளிக்கிடப் போகிறான் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

அவன் போன் எடுத்தான். "மாமி, உந்தப் பாலத்தடிப் பென்சியோனிலை ஒரு நாலு அறை பிடிச்சுத் தருவீங்களோ? எங்கட ஆக்கள் வருகினம்." எங்கட ஆக்கள் என்றால் லண்டன், பிரான்ஸ் ஆக்கள் என்று நினைத்தேன். போய்ப் பிடித்தேன். பென்சியோனை நடத்துகிறது கெர்டா என்கிற மனுசி, என் வயதுதான் இருக்கும். நான் பக்கத்துத் தெருவில் இருக்கிறவள் என்று அவவுக்குத் தெரியும். "உறவினர்களா?" என்று கேட்டா. எனக்கு அந்த இடத்தில் கூச்சம் வந்துவிட்டது. சொந்தக்காரரை லொட்ஜில் போடுகிறவள் என்று அவ நினைக்கக் கூடாது. "இல்லை, தெரிந்தவர்கள்" என்றேன். அவ தோளைக் குலுக்கினா. தன் பிள்ளைகள் வந்தாலும் இங்கேதான் அறை கொடுக்கிறது, மூன்று நாளைக்கு மேலே வீட்டில் வைத்திருந்தால் சண்டைதான் வரும் என்று சொல்லிச் சிரித்தா. எனக்கு ஏன் பொய் சொன்னேன் என்று இருந்தது. இந்த ஊரில் அது பொய் தேவைப்படாத விசயம்.

தம்பி வருவதற்கு முன் நான் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அதற்கு முதல் வருசம் நான் ஊருக்குப் போயிருந்தேன். சண்டைக் காலத்தில் விட்டுவந்த பிறகு அதுதான் முதல்முறை. பண்ணைப் பாலத்தால் வான் போகும்போது இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பேசினால் அழுதுவிடுவேன், அழுவது எனக்குப் பிடிக்காது. மண்கும்பான் வந்ததும் வான் வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பியது. "ஏன்டா, இதாலை பாதையோ?" என்றேன். "இல்லை அக்கா," என்றான் தம்பி. "இஞ்சை உங்களுக்கு நல்ல இடம் ஒண்டு எடுத்திருக்கிறன். ஏசி இருக்கு. கொமேட் இருக்கு. உங்களுக்கு முழங்கால் ஏலாதெல்லோ. எங்கட வீட்டிலை படுத்து ஏதும் வருத்தம் வந்தால் எனக்கல்லோ பழி."

அது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக ஒருவர் கட்டி வைத்திருக்கிற விடுதி. சீமெந்து புதிது, சுவரில் நீலப் பூச்சு, வாசலில் கதிரை போட்டு ஒரு வெள்ளைக்காரன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு அறைத் திறப்புத் தந்தார்கள், அதில் உள்ளங்கை அளவு மரத்துண்டு ஒன்று கட்டியிருந்தது, தொலைக்காமல் இருக்க. நான் அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டேன். நாள்தோறும் காலமை வான் வந்து என்னைப் புங்குடுதீவுக்குக் கொண்டுபோகும். வீதியின் இரண்டு பக்கமும் கூரை விழுந்த வீடுகள், ஆலமரம் முளைத்த சுவர்கள், சொந்தக்காரர் எல்லாம் என்னைப் போல எங்கேயோ. எங்கள் வீடு மட்டும் சுண்ணாம்பு அடித்து நின்றது. மச்சாள் எனக்குப் பீரிசில் வைத்து, பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி தந்தாள். அலுமாரிக்குள் பிறத்தியாருக்கென்று வைத்திருக்கிற கோப்பை அது. எனக்குத் தெரியும், அதை அங்கே வைத்தவளே நான்தான். உள் அறையில் அம்மாவின் கட்டில் இருந்தது. நான் கைப்பையை அந்தக் கட்டிலில் வைப்பேன். பின்னேரம் வான் கோர்ன் அடித்ததும் மச்சாள் அந்தப் பையை எடுத்துவந்து என் கையில் தருவாள். போகிற நாள்வரை நான் பையைக் கட்டிலில் வைத்தேன், போகிற நாள்வரை அவள் எடுத்துத் தந்தாள். இதைக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீடு அம்மா எனக்குச் சீதனமாக எழுதின வீடு. நான் அதை ஒருநாளும் அவர்களுக்குச் சொல்லிக்காட்டினதில்லை.

கலியாணத்துக்கு மூன்று நாளைக்கு முந்தித் தம்பி வந்து இறங்கினான். நான் படுக்கை அறையை அவனுக்கென்று ஒதுக்கிப் புது விரிப்பு விரித்து, புதுத் துவாயும் மடித்துவைத்தேன். நாங்கள் இருவரும் சோபாவில் படுப்பதாக முடிவு. இவர் என்னைப் பார்த்து, "போன் எடுத்து வாடா எண்டு ஒருக்காச் சொல்லன்" என்றார். "என்ர தம்பியை நான் கூப்பிடுறதோ?" என்றேன். "ஒரு சொல்லுச் சொன்னால் உன்ர வாய் தேஞ்சுபோகுமோ?" என்றார். இவர் சாவகச்சேரிப் பக்கம். தீவார் மனம் இவருக்கு எத்தனை வருசமானாலும் பிடிபடாது.

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். தம்பி நின்றான், பின்னால் கஜன். தம்பி மெலிந்து, காதோரம் முழுக்க நரைத்துப் போயிருந்தான். கையில் ஒரு சின்னப் பை மட்டும் இருந்தது. பெட்டி இல்லை. பெட்டியைப் பென்சியோனில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். ஆனாலும் இரவுக்குள் எடுத்துவந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் பைக்குள்ளிருந்து புழுக்கொடியலும் பனங்கட்டியும் எடுத்துத் தந்தான். அடியில் ஈரத்துணியும் கடதாசியும் சுற்றி ஒரு பொட்டலம். "இது எங்கட கிணத்தடி மாமரத்து இலை அக்கா. நிறைகுடத்துக்கு. உங்கட மச்சாள்தான் ஆய்ஞ்சு சுத்தித் தந்தவள்." என் கையில் தந்தான். அப்போதே எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. மாவிலையை என் கையில் தருகிறவன் நிறைகுடத்தை வேறு எங்கே வைக்கப் போகிறான்?

சோறு போட்டேன். சாப்பிட்டான். சாப்பிட்ட பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தான். படுக்கை அறைக் கதவை நான் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தேன். வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தான், துவாயைப் பார்த்தான்.

"நல்ல பெரிய கட்டில்," என்றான்.

"ஓம்," என்றேன்.

"மெத்தையும் புதுசோ?"

"ஓம். புதுசு."

இவர் சோபாவிலிருந்து என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கஜன் கார்த் திறப்பைக் கிலுக்கினான். "அப்ப வரட்டே அக்கா," என்றான் தம்பி. நான் தலையை ஆட்டினேன். அவர்கள் படியால் இறங்கின பிறகு இவர், "அவன் உன்ர வாயைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன்" என்றார். "பாக்கட்டும். அவன்ர கண்ணுக்குக் கட்டில் தெரிஞ்சதுதானே" என்றேன். அந்த மூன்று இரவும் நாங்கள் சோபாவில்தான் படுத்தோம். புது விரிப்பு மடிப்புக் குலையாமல் கிடந்தது.

படுக்கிறது எங்கே என்றாலும் படுக்கட்டும், மாப்பிள்ளை வெளிக்கிடுகிறது வீட்டிலிருந்துதானே என்று மனதை ஆற்றிக்கொண்டேன். கலியாணநாள் காலமை எழும்பிக் குளித்து, எங்கள் கதவுக்கு வெளியே மாடிப்படித் தளத்தைத் துடைத்து, வாழையிலை போட்டு அரிசி பரப்பி, செம்பில் தண்ணீர் நிறைத்து, எங்கள் கிணத்தடி மாவிலையைச் செருகி, தேங்காயும் சுற்றிப் பூவும் வைத்தேன். இலை கொஞ்சம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் கசக்கினால் ஊர் மணம். இரண்டு பக்கமும் குத்துவிளக்குக் கொளுத்தினேன். மேல்மாடி மனுசி பாண் வாங்கிக்கொண்டு வந்தவ, விளக்கையும் பூவையும் கண்டு அப்படியே நின்றுவிட்டா. நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தா. பிறகு சத்தம் வராமல் படியேறிப் போனா. வருசக்கணக்காக வாய்திறந்து வணக்கம் சொல்லாதவ அவ. எங்கள் முறைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறாவே என்று எனக்குச் சந்தோசம்.

இவர் வேட்டி கட்டிக்கொண்டே கேட்டார், "இஞ்சை வருவினம் எண்டு உனக்கு ஆரும் சொன்னவையோ?"

"இதை ஆர் சொல்லுறது? தெரிஞ்ச விசயம்தானே."

போன் அடித்தது. கஜன். "மாமி, எங்கை நிக்கிறீங்கள்? பாலறுகு வைக்க ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம். கமராக்காரர் வந்திட்டினம். கெதியா வாங்கோ."

"எங்கை வாறது?"

"பென்சியோனுக்கு மாமி. வேறை எங்கை?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். இவர் போனை என் கையிலிருந்து வாங்கி, "வாறம் தம்பி" என்றார். போகாமல் விட்டிருப்பேன். ஆனால் எங்கள் பிள்ளையின் தலையில் பாலறுகு வைக்க என் கை இல்லாமல் போவதா? பால்கனியில் தயிர் வாளியில் வளர்த்த அறுகை வெட்டிக்கொண்டு நடந்தேன்.

பென்சியோனுக்குப் பின்னால் ஆற்றோரமாகக் கொஞ்சம் புல்தரை. அங்கே பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் கஜனைக் கிழக்குப் பார்க்க இருத்தியிருந்தார்கள். கிழக்கு என்றால் ஆறு வருகிற பக்கம். வலது தோளுக்கு அந்தப் பக்கம் சுவிஸ், இடது தோளுக்கு இந்தப் பக்கம் ஜேர்மனி. கமராக்காரன் கொண்டுவந்த நிறைகுடம் ஒன்று முன்னால் இருந்தது. அதில் மாவிலை பிளாஸ்டிக்கில். தம்பி முதலில் வைத்தான். அடுத்தது நான். பாலில் தோய்த்த அறுகை இரண்டு கையாலும் எடுத்துப் பிள்ளையின் உச்சியில் வைக்கும்போது தம்பி பக்கத்தில் நின்று மெல்லக் கேட்டான்.

"மாவிலை எங்கை அக்கா?"

"என்ர வாசலிலை."

"அங்கை ஏன்?"

"மாப்பிள்ளை வெளிக்கிடுற வீட்டு வாசலிலைதானே வைக்கிறது."

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. "நான் நீங்கள் இஞ்சை கொண்டுவருவியள் எண்டெல்லோ தந்தனான். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அக்கா. இஞ்சை ஆக்கள் சொல்லாமல் ஒரு வீட்டை போகக்கூடாது எண்டு பொடியன் சொன்னவன். கட்டிலையும் பாத்தனான். ஆருக்கு விரிச்சது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"உனக்குச் சொல்ல வேணுமோ? நீ என்ன, நயினாதீவுக்குப் போற ஆளோ?"

அம்மானின் சொல்லை அவன் மறந்திருக்கவில்லை. முகம் சிவந்தது. "அப்ப நீங்கள்? மண்கும்பானிலை கிடந்தனீங்கள். இண்டைக்கு இஞ்சை படுக்கப்போறன் எண்டு ஒருநாள் சொன்னீங்களோ? சொல்லியிருந்தால் வானைத் திருப்பி அனுப்பியிருப்பன்."

"என்ர வீட்டிலை படுக்க நான் கேக்கிறதோ?"

சொல்லி முடிந்த பிறகுதான் எனக்கே கேட்டது. இத்தனை வருசமாக வாய்க்குள் வைத்திருந்த சொல் வெளியே வந்து, கமராவுக்கு முன்னால், பிள்ளையின் தலைக்கு மேலே நின்றது. தம்பி என்னைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தான். "ஓம்," என்றான். "உங்கட வீடுதான். ஒருநாள் படுத்தீங்கள் எண்டால் அது உங்கட வீடு எண்டு எங்களுக்கு ஞாபகம் வந்திடும். அந்தப் பயம்தான் உங்கட மச்சாளுக்கு. எனக்கும்தான்."

"மாமி," என்றான் கஜன் கீழேயிருந்து, "பால் கண்ணுக்கை போகுது. சண்டையைப் பிறகு பிடியுங்கோ." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் முறைப்படி மூன்றுமுறை வைத்து முடித்தேன். பிறகு தோய வேண்டும். மாடிக்கு ஒரு குளியலறை. அதற்குள் யாரோ லொறிச் சாரதி பாட்டுப் பாடிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தான். எங்கள் குலத்தின் ஒரே ஆண்பிள்ளை தலையில் பாலும் அறுகுமாக, தோளில் துவாயோடு அந்தக் கதவுக்கு வெளியே முறை வரும்வரை நின்றான். நான் படியடியில் நின்று பார்த்தேன். கெர்டா மேசைக்குப் பின்னாலிருந்து எழும்பி வந்து என் கையைப் பிடித்தா. "உங்களுக்குத் தெரிந்தவரின் மகன் எவ்வளவு அழகாயிருக்கிறான்" என்றா. "என்னவாம்?" என்று கேட்டான் தம்பி. "பொடியன் வடிவாம்" என்றேன். முழுவதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

கலியாணம் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிறப்பாகவே நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னை முன்வரிசையில் இருத்தினார்கள், மணவறைக்குக் கூப்பிட்டு ஆசீர்வாதம் வாங்கினார்கள். பின்னேரம் காரில் வந்து பாலத்தின் அந்தத் தலைப்பில் இறங்கிக்கொண்டோம், தம்பியும் நாங்களும். ஆற்றுக்கு மேலே வெயில் இன்னும் இருந்தது. வேலை முடிந்து படுக்க வருகிற சனத்தோடு சனமாக நாங்களும் நடந்தோம். இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பாலம் முடிகிற இடத்தில் தெரு இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பென்சியோன், வலப்பக்கம் என் வீடு. தம்பி நின்றான். நானும் நின்றேன். அடுத்தநாள் விடியவே அவனுக்குப் பிளேன்.

"உங்கட வீட்டு மாமரம் இந்தமுறை நல்லாய்க் காய்ச்சது அக்கா," என்றான்.

உங்கட வீடு. அவன் அதைத் திருப்பித் தந்தானா, முகத்தில் எறிந்தானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவ்வளவையும் வாய்விட்டுப் பேசின பிறகு, வாடா என்று நான் கூப்பிட்டால் அவன் பிறத்தியான். கூப்பிடாமல் அவன் வந்தால் சொன்ன சொல்லெல்லாம் கூடவே வரும். இவர் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப வரட்டே?" என்றான்.

"ஓம்," என்றேன்.

அவன் இடப்பக்கம் போனான். தோளில் கலியாணச் சால்வை இன்னும் இருந்தது. பென்சியோன் வாசலில் நின்று சட்டைப் பைக்குள் திறப்பைத் தேடுவது தெரிந்தது. மண்கும்பானில் நான் தேடினது போல.

முழங்கால் நோவையும் பாராமல் நான் விறுவிறென்று வீட்டுப் படியேறினேன். மேலே போன பிறகுதான் வீட்டுத் திறப்பு இவரிடம் என்பது நினைவு வந்தது. கீழே ஒவ்வொரு படியாக இவர் ஏறுகிற சத்தம் கேட்டது. என் கதவு பூட்டிக் கிடந்தது. நிறைகுடம் காலமை வைத்தபடியே இருந்தது. நெருப்புப் பிடிக்குமென்று குத்துவிளக்குகளை யாரோ நூர்த்திருந்தார்கள். செம்புக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாசில் வெள்ளைப் பூ ஒன்றும், செத்த வீடுகளுக்கு இந்த ஊரார் ஏற்றுகிற, சிவப்புக் கூட்டுக்குள் எரியும் மெழுகுதிரி ஒன்றும் இருந்தன. மேல்மாடி மனுசி மேலே தன் வாசலிலிருந்து எட்டிப்பார்த்துக்கொண்டு நின்றா. தணிந்த குரலில், "யார்?" என்று கேட்டா.

காலமை அவ ஏன் தலை குனிந்தா என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருவரும் சாகவில்லை, இன்று எங்கள் வீட்டில் கலியாணம் என்று சொல்ல எனக்கு அந்தளவு ஜேர்மன் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் என்று சொல்ல வேண்டுமே. நன்றி என்று மட்டும் சொன்னேன். அவ கதவைச் சாத்தினா.

இவர் இன்னும் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். "பொறு, திறப்பு என்னட்டை," என்று கீழேயிருந்து சொன்னார். நான் பொறுத்தேன். நிறைகுடம் வருகிறவர்களைப் பார்த்து வைக்கிறது. எங்கள் சனத்தில் அன்று அந்தப் படியால் ஏறி அதற்கு முன்னால் வந்து நின்றது நான் ஒருத்திதான். எங்கள் கிணத்தடி மாவிலை, ஓரம் சுருண்டு, அந்தச் சிவப்பு மெழுகுதிரி வெளிச்சத்தில் என்னை வா என்றது. என்னை ஒருவரும் கூப்பிடத் தேவையில்லாத வீட்டு இலை அது. நான் திறப்பு வரும்வரை வெளியே நின்றேன்.